பண்டிகை முடிந்த பிறகு: களக்காட்டுப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லம்

டிசம்பர் 27

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வள்ளியூரில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு, சொல்லிவைத்திருந்த வேனில் ஏறினோம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாங்கள் மூன்று பேர், வாலிபர் ஐக்கியத்திலிருந்து இரண்டு தம்பிகள், அப்புறம் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண். ஏர்வாடி தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. அதன்பிறகு களக்காடு வரை இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம்தான். மழை நன்றாகப் பெய்திருக்கிறது. குளங்களெல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன.

நாங்கள் போகும் இல்லத்தின் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். பெண்பிள்ளைகளுக்கான சிறிய இல்லம், சபை மக்களின் காணிக்கையில் நடக்கிறது. அரசுப் பதிவு உண்டு. நடத்துகிறவருக்கு அறுபதை நெருங்கும் வயது. பிள்ளைகளுக்கும் அவர் அக்கா, பால்காரருக்கும் அக்கா, சபைப் போதகரான சேகர ஐயர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்தபிறகு ஏன் வருகிறோம் என்று எங்கள் சபையிலேயே பலர் கேட்டார்கள். தேதியைக் கொடுத்ததே அக்காதான். "இருபத்தஞ்சுக்கு முன்னாடி வராதீங்கம்மா, இடம் இல்ல" என்று போனில் சொன்னார். இடம் என்று அவர் சொன்னது படுக்கையை அல்ல, நாட்களை. டிசம்பர் மாதத்தில் ஒவ்வொரு வேளையும் யாராவது பிரியாணிக்கு முன்பதிவு செய்திருப்பார்களாம். ஒரே நாளில் காலையில் ஒரு கம்பெனி, மத்தியானம் ஒரு கல்லூரி, சாயங்காலம் ஒரு சபை. மூன்று கேக், மூன்று முறை அதே பாட்டு, மூன்று முறை நன்றி. "பிள்ளைகளுக்கு வயித்தால போயிரும்" என்றார் அக்கா, சிரிக்காமல்.

வந்ததும் ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார். பிளம் கேக் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. ஷாம்பு பாக்கெட் சரம் சரமாக, கலர் பென்சில் பெட்டிகள், தலையில் மாட்டும் சிவப்புக் குல்லாக்கள் ஒரு மூட்டை, ஒரே அளவில் நாற்பது ஃபிராக். இங்கே இருக்கும் முப்பது பேரில் அந்த அளவு ஏழு பேருக்குத்தான் சேரும். இல்லாதவை எவை என்று கேட்டேன். துவரம் பருப்பு, நாப்கின், உள்ளாடை, பத்தாம் வகுப்பு கணக்குக் கைடு, கேஸ் சிலிண்டர். "ஜூன்ல வந்து பாருங்கம்மா. பள்ளிக்கூடம் தெறக்கிற மாசம். நோட்டு, செருப்பு, யூனிஃபார்ம் தையக்கூலின்னு அத்தனை செலவு இருக்கும். ஒரு ஈ காக்கா எட்டிப்பாக்காது."

முப்பது பேரில் இப்போது ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் அரைப்பரீட்சை லீவுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வீடா என்று கல்லூரித் தங்கை கேட்டாள். ஆமாம், வீடுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவர் உயிரோடு இருக்கிறார், அதுவும் இல்லையென்றால் ஆச்சி தாத்தா. அநாதை இல்லம் என்று நாம் போகிறபோக்கில் சொல்லும் இடங்கள் பலவற்றிலும் இதுதான் நிலைமை. போவதற்கு யாரும் இல்லாத பிள்ளைகளே இந்த ஒன்பது பேர்.

வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஆதார் நகல், போனைப் படம் எடுக்கப் பயன்படுத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தல். எங்கள் தம்பி ஒருவன் ரீல்ஸ் போடுவதற்காகவே ஒரு ஸ்டாண்டு கொண்டுவந்திருந்தான். அவன் முகம் தொங்கிவிட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு: பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அக்கா சட்டம் பேசவில்லை. "நாளைக்கு இவ காலேஜ் போவா, கல்யாணம் ஆகும். யாரோ ஒருத்தன் போன்ல இவ தட்டேந்தி நிக்கிற படம் கெடக்கணுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஸ்டாண்டு பைக்குள் போய்விட்டது.

டிசம்பர் 28

ஞாயிறு. எட்டரை ஆராதனைக்கு எல்லாருமாக நடந்தே போனோம். பிள்ளைகள் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர் அக்காவிடம் வந்தார்கள். கையில் கவர். பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடி, ஒருத்தி எழுந்து, கடவுள் தன்னைக் காப்பாற்றிய கதையைச் சாட்சியாகச் சொன்னால் நன்றாக இருக்குமே என்றார்கள். நல்ல மனிதர்கள்தான், குரலில் பாசமும் இருந்தது. பாட்டு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரோடும் சேர்ந்து பாடுவார்கள், சாட்சி கிடையாது என்றார் அக்கா. கவரைக் கொடுத்தார்கள், அக்கா ரசீது போட்டார்.

எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. நம் சபைகளில் சாட்சி சொல்வது நல்ல வழக்கம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையை மேடையேற்றி, அப்பா குடித்துச் செத்ததையும் அம்மா விட்டுவிட்டுப் போனதையும் மைக்கில் சொல்லவைத்து, காணிக்கைப் பையைச் சுற்றவிடும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்கள் அழுகிறார்கள், பை நிறைகிறது. அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் உட்காரும் என்று யாரும் யோசிப்பதில்லை.

மத்தியானம் சாம்பார், முட்டை, அப்பளம். அதன்பிறகு நடந்ததுதான் இன்றைய நாளின் பெரிய வேலை: பேன் பார்ப்பது. திண்ணையில் வரிசையாக உட்கார்ந்தோம். ஒரு பிள்ளையின் தலை என் மடியில், பேன்சீப்பு கையில், பக்கத்தில் வெள்ளைத் துணி. எண்ணெய் தேய்த்து, வகிடு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்து, துணியில் தட்டிப் பார்க்கவேண்டும். முதல் கால்மணி நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தலையை நிமிர்த்தாமலே பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. முகத்துக்கு முகம் உட்காரவைத்து "உன் பேரென்ன, என்ன படிக்கிற, பெரியவளானா என்ன ஆவ" என்று கேட்டால் ஒப்பிக்கிற பதிலா இது? அவள் வகுப்பில் எந்த டீச்சருக்கும் எந்த டீச்சருக்கும் சண்டை, குளத்தில் தாமரை பறிக்கப் போய் யார் விழுந்தது, ராத்திரி பாத்ரூமுக்குப் போகையில் மரநாய் உண்மையிலேயே வந்ததா இல்லையா என்று எல்லாம் வந்தது. நான் தலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் துவைத்த துணிகளைப் பிரித்தோம். இத்தனை பேரின் துணி ஒன்றாகத் துவைக்கப்படுகிற இடத்தில் எதை எப்படி அடையாளம் காண்பது? பல விடுதிகளில் காலருக்குள் நம்பர் எழுதுவார்கள். இங்கே நம்பர் கிடையாது. "நம்பர் போட இதென்ன ஜெயிலா?" என்கிறார் அக்கா. இல்லத்துக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அடையாளத்தைத் தானே தேர்ந்தெடுத்து, நூலில் தானே தைக்கவேண்டும். சின்னவர்களுக்குப் பெரியவர்கள் கற்றுக்கொடுப்பார்கள். ஒருத்தியினுடையது மீன், இன்னொருத்தியுடையது குடை, ஒருத்திக்கு வெறும் பெருக்கல் குறி. அவளுக்குத் தையல் பிடிக்காதாம். நான் பேன் பார்த்த பிள்ளை ஏரோப்ளேனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒவ்வொரு புதுத் துணிக்கும் அரைநாள் செலவழித்துக்கொண்டிருக்கிறாள். எளிதானதாக மாற்றிக்கொள்ளேன் என்றதற்கு, "அப்போ பழைய துணியெல்லாம் யாரோடதுன்னு ஆயிரும்லா?" என்றாள். நியாயம்தானே.

டிசம்பர் 29

ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி தொடங்கிய பிள்ளைகள் இல்லம் இருக்கும் டோனாவூருக்குப் போனோம். இங்கிருந்து பக்கம்தான். பெரிய பிள்ளைகள் நான்கு பேர் கூடவந்தார்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்ததால் உள்ளே சுற்றிப்பார்க்க முடிந்தது.

திருநெல்வேலிச் சீமையில் பிள்ளைகள் இல்லம் என்று பேச்செடுத்தால் ஏமி கார்மைக்கேலைத் தாண்டிப் போகமுடியாது. அயர்லாந்தின் வடக்கே ஒரு கடலோரக் கிராமத்தில் 1867இல் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பிறகு விடுமுறைக்குக்கூட ஊர் திரும்பாமல், 1951 ஜனவரியில் இங்கேயே இறந்தார். முதலில் அவர் பிள்ளைகள் இல்லம் நடத்த வரவில்லை. கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்கள் மத்தியில் ஊழியம் செய்வதுதான் வேலையாக இருந்தது. 1901 மார்ச்சில், பெருங்குளத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து, அப்போது பண்ணைவிளையில் தங்கியிருந்த அவரிடம் சேர்ந்தாள். ஏற்கெனவே ஒருமுறை ஓடித் தூத்துக்குடியில் தாயிடம் போய், தாயே திருப்பி ஒப்படைத்த பிள்ளை. அவளுக்குப் பிறகு ஒவ்வொருவராக வர, ஊழியத்தின் திசையே மாறிவிட்டது. பெண்பிள்ளைகளை நேர்ந்துவிடும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது 1947இல்தான். அதற்காகச் சட்டசபையில் குரல்கொடுத்த முத்துலட்சுமி ரெட்டியும், இந்த வழக்கத்திலிருந்து தப்பிய பெண்கள் சிலர் தங்க இடம் தேடி வந்தபிறகுதான் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

தோட்டத்தில் மரத்தடியில் ஏமி அம்மாவின் கல்லறை. கல்லறைக்கல் வைக்கவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். மணிக்கூண்டோடு கூடிய ஜெபவீட்டையும் பார்த்தோம்.

ஆனால் எனக்கு டோனாவூர் என்றால் நினைவுக்கு வருபவர், ஏமியோடு ஊழியம் செய்த பொன்னம்மாள். கைக்குழந்தைகள் வரத் தொடங்கிய காலத்தில் தாய்ப்பாலுக்கு வழியில்லை, புட்டிப்பால் கொடுக்க இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. வைத்தியம் கிடைக்கும் என்பதால் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் வைத்து, அதைப் பொன்னம்மாள் நடத்தினார். 1905இல் வயிற்றுக்கடுப்பு பரவி, பத்துக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குப்பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் பிள்ளைகளுக்குச் சித்தி, நம்மூர்ப் பெண்கள் அக்கா, ஆண்கள் அண்ணாச்சி. இந்த முறை வைத்துக் கூப்பிடும் வழக்கம் அங்கிருந்து சுற்றுவட்டார இல்லங்களுக்கும் பரவியிருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

இன்னொன்று. பிறந்தநாள் தெரியாத பிள்ளைகளுக்கு, இல்லத்துக்கு வந்துசேர்ந்த நாளையே விசேஷமாகக் கொண்டாடினார்கள். எங்கள் அக்காவும் அதைத்தான் செய்கிறார். பிறந்த தேதி ஆதாரில் ஏதோ ஒன்று இருக்கும். பல பிள்ளைகளுக்கு அது பள்ளியில் சேர்க்க வசதியாகப் போட்ட தேதி. வந்த நாள் மட்டும் உறுதி.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு புகழவேண்டும் என்றில்லை. 1911இல் ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் ஏமிக்கு உத்தரவிட்டது. அதற்குள் அந்தப் பிள்ளை அங்கிருந்து மறைந்துபோனாள். பிறகு வெகுகாலம் சீனாவில் வளர்ந்தாள். ஆபத்திலிருந்து காப்பாற்றினார்கள் என்றே நம் வட்டாரத்தில் சொல்லப்படும். இருக்கலாம். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் கடத்தல் வழக்கு, அதுதான் முறையும். இப்போது எந்த இல்லமும் ஒரு பிள்ளையைத் தானாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தவேண்டும். எங்கே தங்குவது, எப்போது வீடு திரும்புவது என்று முடிவுசெய்வது அந்தக் குழுதான். பதிவு இல்லாமல் இல்லம் நடத்துவதே குற்றம். இத்தனை கெடுபிடி எதற்கு, ஊழியம்தானே செய்கிறோம் என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊழியத்தின் பேரால் பிள்ளைகளுக்குக் கேடு செய்தவர்களும் இருந்ததால்தான் இந்தக் கெடுபிடி.

திரும்பும் வழியில் பிள்ளைகளுக்குக் களக்காட்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். டோனாவூரைவிட அதுதான் அவர்களுக்குப் பிடித்தது.

டிசம்பர் 30

இன்று அக்காவோடு நானும் கல்லூரித் தங்கையும் மட்டும் போனோம். சேரன்மகாதேவியில் தாமிரபரணியைக் கடந்து, முக்கூடல் வழியாக ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். இல்லத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் லீவுக்கு வந்திருக்கும் வீடு. ஆறாம் வகுப்பு ஒருத்தி, மூன்றாம் வகுப்பு ஒருத்தி.

அந்தத் தெருவில் எல்லா வாசலிலும் பீடி சுற்றுகிறார்கள். இந்தப் பிள்ளைகளின் அம்மாவும் மடியில் சுளகை வைத்துக்கொண்டுதான் எங்களை வரவேற்றார். முப்பத்திரண்டு வயது. ஈர இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, தூளைத் தூவி, விரலால் உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிச் சொருகுகிறார். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கட்டு சரியில்லை என்று கழித்துப்போட்டால் அந்த உழைப்பு போயிற்று. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்து நான்கு வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து இல்லத்தில் விட்டதற்கு அவர் சொன்ன காரணம் சாப்பாடு.

"வச்சிக்க முடியாமத்தான் விட்டேன். வேண்டாம்னு விடல" என்றார்.

பெரியவள் கடைக்குப் போய் எங்களுக்குக் கலர் வாங்கி வந்தாள். கடனுக்கு வாங்கியிருப்பார்கள், எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லக்கூடாது, குடிக்கவேண்டும். குடித்தோம். சின்னவள் அம்மாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. இல்லத்தில் இவள் யாரிடமும் ஒட்டாத பிள்ளை என்று அக்கா வரும்போது சொல்லியிருந்தார்.

நாங்கள் போனது சும்மா பார்க்க அல்ல. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பெற்றவரோடோ உறவினரோடோ வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள், நகரமானால் 96,000க்குள் இருக்கவேண்டும். விதவைத் தாயின் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். ஆனால் அது இரண்டு பெற்றோரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் நோயாலோ உடல் ஊனத்தாலோ சிறையிலிருப்பதாலோ வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கும். இந்த அம்மா திடமாக இருக்கிறார், ஆகவே முதலாவதுதான் வழி. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். இங்கே ஒரு சிக்கல். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. வீடு தென்காசி மாவட்டத்தில், இல்லம் திருநெல்வேலியில். இரண்டு பக்கமும் காகிதம் போகவேண்டும். வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று. அந்த அம்மாவுக்கு ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

அக்காவின் கணக்கு இது: ஏப்ரல் முடிய இல்லத்தில் படிக்கட்டும். அதற்குள் உதவித்தொகை உத்தரவு வந்துவிட்டால், குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு ஜூனில் உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம். முதல் தவணை வந்துசேரத் தாமதமானால் நடுவில் நாலைந்து மாதம் யாராவது தாங்கவேண்டும்.

வேனில் திரும்பும்போது நான் கேட்டேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இல்லத்துக்கு எண்ணிக்கை குறையுமே, காணிக்கை கொடுக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அக்கா யாக்கோபு நிருபத்தைச் சொன்னார். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே தேவனுக்கு ஏற்ற பக்தி என்று முதல் அதிகாரத்தின் கடைசியில் வருகிறதல்லவா? "நாம பிள்ளையைப் பிடிச்சிக்கிட்டோம், விதவையை விட்டுட்டோம். பிள்ளைக்குக் கட்டடம் கட்டினா கல்வெட்டு வைக்கலாம். பீடி சுத்துற பொம்பளைக்கு நாலாயிரம் குடுத்தா எங்க கல்வெட்டு வைக்க?"

எங்கள் சபையிலும் கல்வெட்டுகள் ஏராளம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 31

காலை முழுக்கக் கணக்கு நோட்டு. நான் முப்பது வருஷம் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதியவள், அதனால் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். வருஷாந்திரத் தணிக்கைக்குத் தயார்செய்ய வேண்டும். மாதம் பன்னிரண்டு மூட்டை அரிசி, இருபத்தைந்து கிலோ மூட்டை. கரண்டு பில், இரவுக் காவலாளி சம்பளம், சமையல் அம்மாக்கள் இரண்டு பேர், வாரம் ஒருமுறை வரும் ஆலோசகருக்குப் பயணப்படி. டிசம்பர் பக்கத்தில் வரவு வழிகிறது. ஜூன், ஜூலை, செப்டம்பர் பக்கங்களில் அக்காவின் சொந்தப் பணம் 'கைமாற்று' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. திருப்பி எடுத்ததற்கான பதிவு எதுவும் கண்ணில் படவில்லை. கேட்டதற்கு "அது கெடக்கட்டும்" என்றார். நான் பேனாவால் எழுதிவைத்தேன்.

ஜார்ஜ் முல்லரின் கதை நம் சபைகளில் எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் தொடங்கி, தம் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பராமரித்தவர். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபிப்பதோடு சரி. ஏமி அம்மாவும் அதே கொள்கை. அக்காவிடம் நீங்களும் அப்படியா என்று தம்பி ஒருவன் கேட்டான். "நான் ஜெபிக்கவும் செய்வேன், கேக்கவும் செய்வேன். எனக்கு அவ்வளவு விசுவாசம் இல்லப்பா" என்றார். ஒன்றைக் கவனிக்கவேண்டும். முல்லர் ஒவ்வொரு வருஷமும் பைசா பைசாவாகக் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அந்தப் பாதியை நம் ஆட்கள் பிரசங்கத்தில் சொல்வதேயில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மார்ச்சில் பதினெட்டு முடிகிறது. சட்டப்படி பதினெட்டுக்குப் பிறகு இல்லத்தில் வைத்துக்கொள்ள முடியாது. பின்பராமரிப்பு என்று இருபத்தொரு வயது வரை உதவிபெற வழி இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம். நர்சிங் படிக்கவேண்டும் என்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள், இவளைப்போன்ற பெரியவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட ஆள் கிடைப்பதில்லை. படத்தில் பார்க்கப் பிள்ளை சின்னதாக இருக்கவேண்டும் போல. எங்கள் மூன்று பேரில் ஒருவர் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மாலை முழுக்க அவளோடு உட்கார்ந்து, பி.எஸ்சி. நர்சிங்குக்கும் டிப்ளமோவுக்கும் என்ன வித்தியாசம், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க எத்தனை மார்க் வேண்டும், விடுதி எப்படி என்று பேசினார். வந்ததிலிருந்து நாங்கள் செய்ததில் உருப்படியான காரியம் அதுதான் என்பேன்.

ராத்திரி பதினொன்றரைக்குக் கோயில். பன்னிரண்டடிக்க மணி, எல்லாரும் முழங்காலில். அப்புறம் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை. தட்டில் குப்புற வைத்திருந்த அட்டைகளில் ஒவ்வொருவரும் ஒன்றை எடுக்கவேண்டும். ஏரோப்ளேன் பிள்ளை எடுத்ததைப் படித்துப்பார்த்து, பிடிக்காமல், பக்கத்தில் நின்றவளோடு மாற்றிக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "அவளுக்கு அது பிடிச்சிருக்காம் ஆன்ட்டி" என்றாள்.

ஜனவரி 1

விடியக்காலையில் படுத்து எட்டு மணிக்கு எழுந்தோம். இடியாப்பம், சொதி. மத்தியானமே பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், எங்களைக் கண்டுகொள்ளவில்லை. நல்லது.

அக்காவிடம் பேசி முடிவானவை: டிசம்பருக்கென்று நாங்கள் எதுவும் கொடுப்பதில்லை. ஜூன் செலவுக்கான பணம் மே இருபதுக்குள் இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடவேண்டும். பீடி சுற்றும் அம்மாவுக்கு உதவித்தொகை வரும்வரை இடைப்பட்ட மாதங்களை எங்கள் ஐக்கியம் பார்த்துக்கொள்ளும், பணம் நேரே அவர் கணக்குக்கு. தென்காசி அலுவலகத்துக்கு அவரோடு அலைய, அந்தப் பக்கத்துச் சபையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். பத்தாம் வகுப்பில் இருக்கும் மூன்று பேருக்குக் கணக்குச் சொல்லித்தர, ரீல்ஸ் தம்பி வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தபிறகுதான் தொடங்கலாம், பாடம் நடக்கும்போது ஒரு சமையல் அம்மாவும் உடன் உட்கார்ந்திருப்பார் என்று அக்கா நிபந்தனை போட்டார். அவனுக்குச் சற்றே வருத்தம். ஆனாலும் ஸ்டேஷனுக்கு வரும் வழியிலேயே அதற்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டான்.

இப்போது ரயிலில் இருக்கிறோம், கோவில்பட்டி தாண்டியாயிற்று. நர்சிங் கட்டணத்தைச் சபை தருமநிதியிலிருந்து எடுப்பதா, தனியாக ஆள் பிடிப்பதா என்று எதிர் சீட்டில் விவாதம் நடக்கிறது. நான் தனியாக ஆள் பிடிக்கும் கட்சி. தருமநிதி என்றால் கமிட்டி கூடவேண்டும், கமிட்டி கூடினால் ஜூன் போய்விடும்.